கானா ஊர்த் தாய்மாமன்

சமயநல்லூர் முத்துமீனாவுக்கு ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். ரேஷன் கார்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. வேலை பார்த்த பால்வாடியும் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிய புருஷன் சிவபாண்டி ஒருநாள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆக எஸ்தர் என்பவள் சபையின் உறுப்பினர் நோட்டில் மட்டும் குடியிருந்தாள். முத்துமீனா அதற்காக வருத்தப்பட்டவள் இல்லை. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒன்றுதானே என்பாள்.

அவள் அப்பா பால்பாண்டி பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர். இளைப்பு நோய்க்கு ஜெபிக்கப் போய் அப்படியே சபையில் சேர்ந்தார். இளைப்பு முழுசாகப் போகவில்லை, சபையும் அவரை விடவில்லை. மகளைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். அந்தப் பத்தாவது அவளைப் பால்வாடி டீச்சர் ஆக்கியது. முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலை. சிவபாண்டி கொத்தனார் வேலைக்காரன். கோயிலுக்கும் போவான், சர்ச்சுக்கும் வருவான். இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொள்வான்.

பால்வாடியில் மத்தியானச் சோறு போட்டபின் இருபத்தைந்து பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டும். கதை சொன்னால்தான் அதுகள் படுக்கும். நரி பிள்ளை பெற்றது என்று ஆரம்பித்தால் ஒருவன் கேட்பான்: "நரி பேரு என்னா டீச்சர்?" தெரியாது என்று சொன்னால் தீர்ந்தது, இருபத்தைந்தும் எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரு நொடி தயங்கினாலும் மோப்பம் பிடித்துவிடும். அதனால் முத்துமீனாவுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் நாக்கு நுனியில் நிற்கப் பழகியது. நரிக்குப் பெயர், ஊர், மாமியார் வீடு, அது போன வாரம் சாப்பிட்டது எல்லாம் தயாராக இருக்கும். இந்தப் பழக்கம் பென்ஷனோடு முடிந்திருந்தால் இங்கே எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம் போய், ஒரு கிராமத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்தினாள். பாஸ்டர் பாண்டியராஜன் ஒப்படைத்த வேலை அது. கூட்டம் அன்னக்கொடி வீட்டுத் தகரக் கொட்டகையில் நடக்கும். ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள், மறுபக்கம் இரண்டு பசு மாடு. அன்னக்கொடி வீட்டார் மானாவாரியாகச் சோளமும் கடலையும் போடுகிற பழைய சம்சாரிக் குடும்பம். மூத்த மகள் சாகக் கிடந்து பிழைத்தபிறகு அவள் சபைக்கு வந்தாள். புருஷன் காசிமாயன் கூட வரவில்லை, தடுக்கவும் இல்லை. "வீட்டுல மாடு ஒண்ணு கூடுனா வேணாம்னா சொல்றோம், சாமி ஒண்ணு கூடிட்டுப் போகுது" என்றான்.

அந்த வீட்டில் முத்துமீனாவுக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் தம்ளர் இருந்தது. ஏன் தனி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லித் தெரியவேண்டிய சங்கதி அல்ல அது. கூட்டம் தொடங்கிய இரண்டாம் வருஷம் அந்தத் தம்ளர் மற்ற தம்ளர்களோடு கலந்துவிட்டது. எப்போது கலந்தது என்று அவளும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷத்தில் அங்கே ஒரு பேச்சே உண்டாகியிருந்தது: டீச்சரக்கா சொன்னா அது வேதம். வாழ்நாளில் அவள் சம்பாதித்ததில் இதைத்தான் பெரிசாக நினைத்தாள். சமயநல்லூரில் கட்டிய இரண்டு ரூம் வீடுகூட அதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பெண்கள் கதை கேட்கிற விதம் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஒருத்தி கதையில் வந்துவிட்டால் அவள் யார் மகள், எந்த ஊரில் வாக்கப்பட்டாள், தாய்மாமன் யார் என்று தெரிந்தாகவேண்டும். வேதம் இந்த விஷயத்தில் படு சிக்கனம். 'ஒரு ஸ்திரீ' என்று ஒரே வார்த்தையில் போய்விடும். அந்த இடைவெளிகளை எல்லாம் முத்துமீனா நிரப்பினாள். தப்பு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வெறும் சோறு இறங்காதவளுக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள்.

போன மாசியில் ஒரு ஞாயிறு, கானா ஊர்க் கல்யாணத்தை எடுத்தாள். கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துபோனது, இயேசுவின் தாய் மகனிடம் வந்து சொன்னது வரைக்கும் எழுதியிருக்கிறபடியே ஒழுங்காக வந்தாள். அங்கே பக்கத்து வீட்டு ராக்கம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"செத்த இரு டீச்சரு. அந்த ரசத்த யாரு கொண்டாந்திருக்கணும்? மாமங்காரனா?"

அந்தப் பக்கம் எந்த விசேஷத்தில் என்ன குறைந்தாலும் முதல் விரல் தாய்மாமனை நோக்கித்தான் நீளும். கேள்வியில் குற்றமில்லை. முத்துமீனா மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் "ஆமா" என்றாள். அந்த ஒரு ஆமாதான். மிச்சமெல்லாம் அது போட்ட குட்டிகள்.

"அப்ப மாமன் வரவே இல்லையா?"

"வந்தான். லேட்டாயிருச்சு. வண்டி மாடு வழியில படுத்துருச்சு."

"லேட்டா வந்தவன என்ன சொன்னாங்க?"

இதைக் கேட்டது ராக்கம்மாள் இல்லை, அன்னக்கொடி. முத்துமீனா அன்னக்கொடி முகத்தைப் பார்த்தாள். அழப்போகிற பிள்ளையைக் கண்டால் பால்வாடி டீச்சர் என்ன செய்வாளோ அதைச் செய்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. இயேசு எந்திரிச்சாரு. பந்தியில உக்காந்திருந்தவரு எந்திரிச்சு வாசலுக்குப் போயி, அந்த மாமன் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து தன் பக்கத்துல உக்கார வச்சாரு. அப்பறந்தான் தண்ணி ரசமாச்சு."

அன்னக்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். திரும்பும் பஸ்ஸில் முத்துமீனா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆவியானவர் கிரியை செய்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். உண்மையான காரணம் ஆவணியில்தான் தெரிந்தது. அன்னக்கொடியே போன் பண்ணிச் சொன்னாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் பெரியவளான சடங்குக்கு அன்னக்கொடியின் தம்பி விருமாண்டி கீழக்குயில்குடியிலிருந்து தாய்மாமன் சீரோடு கிளம்பியிருக்கிறான். செக்கானூரணி தாண்டி வேன் டயர் வெடித்து, வந்துசேர மத்தியானம் மூன்றரை ஆகிவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்தாயிற்று. தட்டுகளோடும் கொட்டு மேளத்தோடும் அவன் வாசலில் நிற்கிறான். காசிமாயன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, "மிச்சம் மீதி இருந்தா சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க" என்றான். சீர் கொண்டுவருகிற மைத்துனனை எழுந்து போய் எதிர்கொள்வதுதான் முறை. விருமாண்டி தட்டுகளை இறக்காமலே திரும்பிப் போனான். அன்றோடு அக்கா தம்பி பேச்சு அற்றுப்போனது.

"இப்ப சின்னவ கல்யாணத்துக்கு நானே கீழக்குயில்குடிக்குப் போனேன்க்கா. வேதத்துலயே இருக்குடா, சாமியே எந்திரிச்சுப் போயி மாமனக் கூப்பிட்டுச்சுன்னு சொன்னேன். மொதல்ல மொகத்தத் திருப்பிக்கிட்டான். பெறகு, சாமியே எந்திரிச்சதுன்னா நான் வாரேன்னுட்டான். அந்த வசனத்த மண்டப வாசல்ல பிளக்ஸ் அடிச்சு வைக்கப்போறேன். கடைக்காரரு வசன நம்பர் கேக்குறாரு. சொல்லுக்கா."

அப்படி ஒரு வசனம் இல்லை என்பது முத்துமீனாவுக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிப் பழக்கம் விடவில்லை. "யோவான் ரெண்டு" என்றாள். அதிகாரம் என்னவோ சரிதான்.

பிளக்ஸ் கடை அருள்பாண்டி சர்ச்சுக்கே போகாதவன். ஆனால் வருஷக்கணக்காகச் சபைகளுக்கு போர்டு அடித்ததில் வேத நடை அவன் கைக்கு வந்திருந்தது. அன்னக்கொடி சொன்னதைக் கேட்டு அவனே திருத்தமாக எழுதினான்: 'அவர் எழுந்திருந்து, தாமதித்து வந்த தாய்மாமனைக் கைப்பிடித்து, பந்தியிலே உட்காரப்பண்ணினார். யோவான் 2.' மணமக்கள் போட்டோவுக்கு மேல் தங்க எழுத்தில். அந்தப் படம் வாட்ஸப்பில் பாஸ்டருக்கும் போயிற்று. அவர் படித்துவிட்டு 'ஆமென்' என்று பதில் போட்டார். போட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வேதத்தைத் திறந்தார்.

மறுநாள் காலையில் முத்துமீனா அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டருக்கு அவளுடைய மகன் வயசு. கோபக்காரர் இல்லை. ஆனால் அந்த ஆமென் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், விளக்கிச் சொல்றதத் தப்புங்கல. இப்பிடி இருந்திருக்கும்னு சொல்லுங்க. நீங்க இருந்துச்சுன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?"

"இருந்திருக்கும்னு சொன்னா பால்வாடிப் புள்ளகூடத் தூங்காது பாஸ்டர்."

"தூங்க வைக்கவா உங்கள அனுப்புனேன்?"

நாக்கு நுனியில் ஒன்றுமே இல்லாமல் போவது அவளுக்குப் புதிது.

"கல்யாணம் திங்கக்கிழமை" என்றார் பாஸ்டர். "அதுக்குள்ள நீங்களே போயிச் சொல்லிருங்க. கர்த்தர் சொல்லாதத அவரு பேருல போர்டு வைக்கவிட்டா, நாளைக்கு அவரு சொன்னதையும் எவனும் நம்பமாட்டான்."

"சொன்னா அந்தத் தம்பிகாரன் வரமாட்டான்."

"வராமப் போகலாம். அதுக்காக வேதத்துல ஒரு வரி கூட்ட முடியுமா?"

முத்துமீனா அன்றே பஸ் ஏறினாள். அன்னக்கொடி கொட்டகையில் தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காசிமாயன் ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்ததால் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"அன்னக்கொடி, அந்த வசனம் வேதத்துல இல்ல."

"வேற அதிகாரத்துலயா இருக்கு?"

"எந்த அதிகாரத்துலயும் இல்ல. அந்தக் கல்யாணத்துல மாமனே வரல. நானாச் சேத்துச் சொன்னது."

அன்னக்கொடி கையிலிருந்த பையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "அப்ப அவரு எந்திரிக்கவே இல்லையா?"

"எழுதல."

"எழுதலையா, எந்திரிக்கலையா?"

முத்துமீனா கீழே உட்கார்ந்துகொண்டாள். பாஸ்டர் படித்த வேதாகமக் கல்லூரியில் இதற்கு விடை இருக்கலாம். அவளிடம் இல்லை.

அன்னக்கொடி கேட்க ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"தண்ணி ரசமானது?"

"அது இருக்கு."

"பேதுரு மாமியா காய்ச்சல் விட்டதும் எந்திரிச்சு மொளகு ரசம் வச்சது?"

"எந்திரிச்சு அவங்களக் கவனிச்சது இருக்கு. மொளகு ரசம் நான் வச்சது."

"லோத்து பொண்டாட்டி உப்பாப் போனது?"

"இருக்கு."

"அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டமேன்னுதான திரும்பிப் பாத்தா?"

"அது இல்ல."

"என் மக புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துருக்கேன் அத." அன்னக்கொடி விரலை மடக்கி எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆறு வருஷக் கதை. "சரி, ரூத்தும் மாமியாளும் பஞ்சம் முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்தப்ப, ஊருப் பொம்பளைக எல்லாம் கூடி, இவ நகோமிதானான்னு கேட்டாகளே. அது?"

முத்துமீனா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வரி அவளுடையது போலவே இருந்தது. உசிலம்பட்டிப் பொம்பளைகள் கேட்பதுபோலவே இருந்தது. அவள் சேர்த்ததா, அங்கே இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"தெரியல அன்னக்கொடி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து கேட்டவர்கள் யாரும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் வேதத்தைத் திறந்து ரூத்தைப் புரட்டினாள். முதல் அதிகாரத்திலேயே இருந்தது. அழுகை வந்தது, ஆறுதலாலா அவமானத்தாலா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அவள் பஸ் ஏறப் போவதற்கு முன்னால் அன்னக்கொடி ஒரு காரியம் செய்தாள். முத்துமீனா அங்கே இருக்கும்போதே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். மடியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"விருமாண்டி, நான் சொன்ன வசனம் வேதத்துல இல்லியாம்டா. டீச்சர் இங்கதான் இருக்கு. சாமி எந்திரிக்கலையாம்."

அந்தப் பக்கம் மாடு கத்தும் சத்தம் கேட்டது. பிறகு விருமாண்டி பேசினான். "சாமி எந்திரிச்சா என்ன, எந்திரிக்காட்டி என்னக்கா. அது அங்கிட்டு. மச்சான் எந்திரிப்பாரா? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

கயிற்றுக் கட்டிலில் பேனா நின்றது. காசிமாயன் யாரையும் பார்க்கவில்லை. "மாடு தண்ணிக்கு நிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனான். மாடு இரண்டும் அப்போதுதான் குடித்திருந்தன.

திங்கட்கிழமை மண்டப வாசல் பிளக்ஸில் மணமக்கள் போட்டோ மட்டும் இருந்தது. மேலே தங்க எழுத்து இருந்த இடம் வெறும் ஊதா. முத்துமீனா கடைசி வரிசையில் பாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரலாமா என்று யோசித்துத்தான் வந்திருந்தாள். வரவேண்டாம் என்று அன்னக்கொடி சொல்லவில்லை; வா என்றும் சொல்லவில்லை. விருமாண்டி வராவிட்டால் தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலி காலியாகக் கிடப்பதைச் சாயங்காலம் வரை தான் பார்க்கவேண்டியிருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

பத்து மணி சுமாருக்கு வெடிச் சத்தம் கேட்டது. கொட்டு முழங்க, இருபது பெண்கள் தட்டுத் தூக்க, விருமாண்டி சீரோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே ஓர் அடி வைக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் முன்வரிசைக்குத் திரும்பினார்கள். காசிமாயன் நாற்காலியில் இருந்தான். கீழே குனிந்து செருப்பைத் தேடினான். ஒன்று அகப்பட்டது, மற்றது யார் காலில் போயிற்றோ. அகப்பட்டதையும் உதறிவிட்டு, இடது முட்டியில் கைவைத்து எழுந்தான். வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு நடந்தான்.

"வா மாப்ள" என்றான். "பந்தி இன்னும் ஆரம்பிக்கல."

அவ்வளவுதான் பேச்சு. விருமாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். முத்துமீனா கூச்சமில்லாமல் அழுதாள். சந்தோஷத்துக்கு நடுவில் பொறாமையும் ஒரு துளி இருந்தது. செருப்பு அகப்படாத சங்கதி அவள் கற்பனைக்கு ஜென்மத்துக்கும் எட்டியிருக்காது.

"பாத்தீங்களா சிஸ்டர்" என்றார் பாஸ்டர் மெதுவாக. "நெசமே போதும்."

"போதும் பாஸ்டர். ஆனா அந்த ஆள மொதல்ல வாரேன்னு சொல்ல வச்சது எது?"

பாஸ்டர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு சாப்பிட எழுந்தார்கள்.

பாஸ்டர் அவளை நிறுத்திவிடவில்லை. வேதத்தைத் திறந்துவைத்துப் படிக்கவேண்டும், தன் சொந்தச் சரக்கு என்றால் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று வாரம் கழித்துக் கூட்டம் கூடியது. ஒருத்தியும் குறையவில்லை. காப்பி கொடுத்தார்கள். இயேசு சீஷர்களோடு படகில் போகும்போது புயல் அடித்த கதை. கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். அலை படகில் மோதுகிற இடத்தில் தன்னையறியாமல் தலை நிமிர்ந்துவிட்டது. மனப்பாடமான இடம். பழைய குரல் திரும்பியது.

"அம்புட்டுக் காத்து, அம்புட்டு மழை. எல்லாரும் உசிரு போகுதேன்னு கத்துறாங்க. அவரு பின்பக்கம் தலகாணி வச்சுப் படுத்து நல்லாத் தூங்குறாரு."

"டீச்சரக்கா." அன்னக்கொடி கையை லேசாகத் தூக்கினாள். "தலகாணி அதுல இருக்கா?"

"இருக்கு."

அன்னக்கொடி தலையாட்டினாள். நம்புகிறவள் ஆட்டுகிற மாதிரிதான் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே கை நீட்டி, முத்துமீனா மடியிலிருந்த வேதத்தை எடுத்து, ராக்கம்மாள் மருமகள் தமிழ்வாணியிடம் கொடுத்தாள். பிளஸ் டூ படித்தவள் தமிழ்வாணி. அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கொட்டகையில் எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். முத்துமீனாவை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் செய்தது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். நியாயம் என்பதால் வலி ஒன்றும் குறைச்சலாகத் தெரியவில்லை.

"இருக்கு அத்தை" என்றாள் தமிழ்வாணி. "தலையணைன்னு போட்டுருக்கு."

"சரி" என்று அன்னக்கொடி புத்தகத்தை வாங்கி, மூடாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நீ சொல்லுக்கா."